பொருத்தம் பார்க்காத இரத்தம்

"இது ஆம்பளை ரத்தம், மேடம்" என்றான் அன்வர்.

செம்மொழி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "யாரோடது?" என்று கேட்டாள்.

"நறுமுகையோடது. ரத்தப் புற்றுன்னு திருப்பூர்ல இருந்து அனுப்பினாங்களே, அந்தப் பொண்ணு. புற்றுச் செல்லை மட்டும் பிரிச்சு மரபணு படிச்சேன். அத்தனையும் ஆண் செல்."

"குழாய் மாறியிருக்கும்ப்பா."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அப்புறம் நானே போய், நானே எடுத்து, நானே கொண்டுவந்து படிச்சுப் பார்த்தேன். மறுபடியும் அதேதான்."

செம்மொழி இப்போதுதான் நிமிர்ந்தாள்.

ஒருவர் உடம்பில் இன்னொருவர் ரத்தம் இருப்பது அதிசயமில்லை. கோவையில் யார் உடம்பில் யார் ரத்தம் ஓடவில்லை? மாரியம்மன் பண்டிகைக்கு நீர்மோர்ப் பந்தலுக்குப் பக்கத்திலேயே குருதிப் பந்தல் போடுகிறார்கள். தெம்புள்ளவர்கள் கையை நீட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். தெம்பில்லாதவர்கள் உட்கார்ந்து ஏற்றிக்கொள்கிறார்கள். என்ன வகை என்று யாரும் கேட்பதில்லை. ரத்தத்தில் வகைகள் இருந்தன என்பதே பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடத்தில்தான் தெரியவருகிறது. கல்யாணங்களில் தாலி ஏறிய கையோடு மணமக்களுக்கு நடுவே கலப்பியைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளிப் பெட்டி, அதிலிருந்து இரண்டு மெல்லிய குழாய்கள். அவன் ரத்தம் அவளுக்கும் அவள் ரத்தம் அவனுக்கும் போகும்போது கெட்டிமேளம் இன்னொரு தடவை முழங்கும்.

ஆனால் புற்று என்பது வேறு. ஒருவருடைய சொந்தச் செல் தறிகெட்டுப் பெருகுவதுதான் புற்று. நறுமுகையின் புற்று நறுமுகையினுடையதாகத்தான் இருக்க வேண்டும். அதில் ஓர் ஆண் எப்படி வந்து உட்கார்ந்தான்?

"அவ புருஷன் இருக்கானா இங்க?"

"வெளியேதான் உட்கார்ந்திருக்கார்."

"அவர்கிட்ட ரத்த மாதிரி எடு. காரணம் சொல்லாதே."

சொல்லிவிட்டு அவள் கை கழுவப் போனாள். தண்ணீரைத் திறந்துவிட்டுக் கழுவாமலேயே நின்றாள்.

கோவையில் செம்மொழி மாநாடு நடந்த வருஷம் பிறந்தவள் என்பதால் அப்பா வைத்த பெயர் அது. மருத்துவம் முடித்துப் பயிற்சியில் இருந்தபோது தலசீமியா வார்டில் போட்டார்கள். பிறவியிலேயே ஒழுங்காக ரத்தம் ஊறாத குழந்தைகள். மாதாமாதம் வந்து ரத்தம் ஏற்றிக்கொண்டு போவார்கள். எலும்பு மஜ்ஜையை மாற்றினால் குணமாகும், ஆனால் பொருந்துகிற மஜ்ஜை வேண்டும். அப்பாவுடையது பொருந்தாது, அம்மாவுடையதும் பொருந்தாது. கூடப் பிறந்தவர்களுடையது பொருந்தலாம் என்று சிலர் இன்னொரு பிள்ளை பெற்றுக்கொள்வார்கள். அப்படிப் பெற்ற ஒரு தாயிடம், கைக்குழந்தையின் மஜ்ஜையும் பொருந்தவில்லை என்று செம்மொழிதான் சொல்ல நேர்ந்தது. அந்தப் பெண் மடியில் கிடந்த சிசுவைப் பார்த்து, "அப்ப இது எதுக்குப் பொறந்துச்சு?" என்று கேட்டாள். கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவளைப் போலக் கேட்டாள்.

அந்தக் கேள்வி செம்மொழியை வார்டிலிருந்து ஆய்வுக்கூடத்துக்குத் துரத்தியது. உடம்பின் எதிர்ப்புச் செல்கள் செய்கிற வேலை ஒன்றுதான். என்னுடையது எது, அந்நியம் எது என்று பார்த்து, அந்நியத்தைக் கொல்வது. அவற்றுக்குள்ளேயே ஒரு சிறு கூட்டம் மட்டும் மற்றவற்றை அதட்டி அடக்கிவைக்கும். அந்தச் சிறு கூட்டத்துக்கு அவள் பாடம் சொல்லிக்கொடுத்தாள்: கிருமியைக் கொல்ல விடு, மனிதச் செல் எதுவானாலும் கொல்ல விடாதே. எலிகளில் தோற்று, குரங்குகளில் தோற்று, ஆராய்ச்சிப் பணம் நின்று, மறுபடி கிடைத்து, தலை நரைத்தபின் ஒருநாள் அது கைகூடியது. 'இணக்கி' என்று பெயர் வைத்தாள். ஓர் ஊசி போட்டால் ஆயுசுக்கும் போதும். யாருடைய சிறுநீரகமும் யாருக்கும் சேரும். பொருத்தம் என்கிற சொல்லே மருத்துவமனைகளிலிருந்து போய்விட்டது.

தலசீமியா வார்டை மூடிய நாளன்று அவள் தனியாகப் போய் அந்தக் காலி அறையில் நின்றுவிட்டு வந்தாள். பரிசுகள் எத்தனையோ வாங்கினாள். அந்த அறையில் நின்றதுதான் அவளுக்குப் பெரிது.

* * *

நறுமுகையின் கணவன் நிரஞ்சனிடமிருந்து செய்தியை மறைக்க முடியவில்லை. மாதிரி கொடுத்துவிட்டு நேரே செம்மொழியின் அறைக்கு வந்தான். பம்பு மோட்டார் பட்டறை வைத்திருப்பவன். வலது கை மணிக்கட்டுக்குக் கீழே அவன் நிறமில்லை, நன்றாகக் கறுத்திருந்தது. வாலிபத்தில் இயந்திரத்தில் சிக்கிக் கை போய், யாரோ ஒருவருடைய கையை ஒட்டவைத்தார்கள். இப்போது அந்தக் கையால்தான் அவன் கம்பி சுற்றுகிறான், சோறு தின்கிறான், கையெழுத்துப் போடுகிறான்.

"என் ரத்தம்தானுங்களா டாக்டர் அவளுக்கு இப்படிப் பண்ணுது?"

"இன்னும் தெரியல."

"கல்யாணத்துல கலப்பி வச்சோம். எங்க வீட்ல யாருமே வரல. அவ வேற ஆளுங்கன்னு அம்மா வரமாட்டேன்னுட்டாங்க. நண்பனுங்கதான் சாட்சி. சாதாரணமா வைக்கிற மாதிரி இல்லாம நிலைக்கலப்பே வச்சோம். ஆயுசுக்கும் நிக்கணும்னு."

சாதாரணக் கலப்பில் போகிற ரத்தம் சில மாதங்களில் மறைந்துவிடும். நிலைக்கலப்பில் தாய்ச்செல்களையும் அனுப்புவார்கள். அவை போய் மஜ்ஜையில் குடியேறி ஆயுள் முழுக்க அங்கேயே ரத்தம் ஊறவைக்கும். ஆசைக்காரத் தம்பதிகள் செய்துகொள்வது. செம்மொழி தலையசைத்தாள். அதைப் பற்றி அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

அன்வர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான். நிரஞ்சனைப் பார்த்ததும் தயங்கினான்.

"பரவால்ல, சொல்லு."

"இவரோடது இல்லை மேடம். புற்றுச் செல் வேற ஒரு ஆளோடது."

நிரஞ்சன் நாற்காலியில் சாய்ந்து அந்தக் கறுத்த கையால் முகத்தைப் பொத்திக்கொண்டான். அவன் எழுந்து போகும்வரை காத்திருந்த அன்வர், பிறகு குரலைத் தாழ்த்தினான். "இன்னொண்ணு இருக்கு. அந்த மரபணுவை மத்த ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பி ஒப்பிடச் சொன்னேன். கரூர்ல ஒரு பஸ் டிரைவர். திண்டுக்கல்ல ஒரு டீச்சர். ரெண்டு பேருக்கும் ரத்தப் புற்று. ரெண்டுமே இதே ஆளோட செல்."

தெருநாய்களுக்கு வருகிற ஒரு கட்டி செம்மொழியின் நினைவுக்கு வந்தது. என்றோ செத்துப்போன ஒரு நாயின் புற்று, நாயிலிருந்து நாய்க்குத் தாவித் தாவி இன்றும் வாழ்கிறது. மனிதர்களுக்கு அப்படி நடக்காததற்குக் காரணம் ஒன்றுதான். அடுத்தவர் செல் உள்ளே வந்தால் நம் உடம்பு கொன்றுவிடும்.

கொன்றுவிடும் என்றா சொன்னோம்? கொன்றுகொண்டிருந்தது. அதைத்தான் அவள் நிறுத்தியிருந்தாள்.

"நோய் தொத்தல அன்வர்" என்றாள் மெதுவாக. "நோயாளியே தொத்துறான். எவனோ ஒருத்தன் ஏதோ ஒரு பந்தல்ல ரத்தம் குடுத்திருக்கான். அவனுக்குப் புற்று இருக்கறது அவனுக்கே தெரிஞ்சிருக்காது. நம்ம ஜனங்க அதை வரவேற்று உட்கார வச்சிருக்காங்க."

அந்த ஆள் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அவன் எப்போதோ இறந்துபோயிருக்கவும் கூடும்.

* * *

சுகாதாரத் துறைக்குப் பேசினாள். குருதிப் பந்தல்களை உடனே மூடுங்கள் என்றாள். "பீதியக் கிளப்பாதீங்க டாக்டர், மூணு பேரை வச்சு முடிவெடுக்க முடியாது" என்றார்கள். வார முடிவுக்குள் அந்த மூன்று பேர் முப்பது பேரானார்கள். பந்தல்கள் மூடப்பட்டன. ஆனால் ஏற்கனவே அந்த ரத்தம் ஏறியவர்களை என்ன செய்வது?

ஒரு வழி இருந்தது. இணக்கியை உருவாக்கிய காலத்திலேயே அதைக் கொல்கிற மருந்தையும் அவள் உருவாக்கியிருந்தாள். என்றைக்காவது தேவைப்படலாம் என்கிற வெறும் முன்ஜாக்கிரதைதான். 'விலக்கி' என்று பெயர். எலிகளுக்கு மேல் யாருக்கும் கொடுத்ததில்லை. கொடுத்தால் இணக்கிகள் செத்துவிடும். எதிர்ப்புச் செல்களின் பழைய புத்தி திரும்பும். அந்நியப் புற்றை அடையாளம் கண்டு அழிக்கும். ஒட்டுறுப்பு வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்க முடியாது, உறுப்பையும் சேர்த்து அழித்துவிடும். நறுமுகைக்கு ஒட்டுறுப்பு எதுவும் இல்லை. அதனால் முதலில் அவளுக்கு.

நறுமுகை கட்டிலில் சாய்ந்திருந்தாள். வெளுத்து, கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்திருந்தது. பள்ளியில் கணக்கு சொல்லித்தருகிறவள்.

"இதுக்கு முன்னால யாருக்காச்சும் குடுத்திருக்கீங்களா டாக்டர்?"

"இல்லம்மா. நீதான் முதல் ஆள்."

"குடுக்கலேன்னா?"

"ரெண்டு மாசம் தாங்கறது கஷ்டம்."

நறுமுகை கொஞ்சம் யோசித்தாள். "அப்ப இதுல யோசிக்கிறதுக்கு என்னங்க இருக்கு? போடுங்க."

போட்டார்கள். சில நாட்களில் இணக்கிகள் மடிந்தன. அதன்பிறகு நடந்ததை அன்வர் ஒவ்வொரு வேளையும் ஓடிவந்து சொன்னான். புற்றுச் செல்கள் பாதியாயின. கால்வாசியாயின. தேடினால்தான் கிடைக்கும் என்றாயின. ஒருநாள் காலையில் அவன் வெறுங்கையை விரித்துக் காட்டி, "ஒண்ணுகூட இல்லை மேடம்" என்றபோது செம்மொழி பல நாட்களுக்குப் பிறகு சிரித்தாள். துறையிலிருந்து அவர்களே கூப்பிட்டார்கள். விலக்கியை எவ்வளவு சீக்கிரம் ஊர் முழுக்கப் போடலாம் என்று கேட்டார்கள்.

அன்று மத்தியானம் நறுமுகையின் உள்ளங்கைகள் சிவந்தன.

மருந்தின் ஒவ்வாமை என்று முதலில் நினைத்தார்கள். மாலைக்குள் சிவப்பு தோள்வரை ஏறியது. மறுநாள் தோல் தீயில் பட்டது போலக் கொப்பளித்தது. வயிறு போனது. கண்கள் மஞ்சளாயின. ஸ்டீராய்டு கொடுத்தார்கள், கொஞ்சமும் தணியவில்லை. எதிர்ப்புச் செல்களை அடக்குகிற பழைய மருந்துகள் இருந்திருந்தால் போதும், ஆனால் அவற்றுக்குத் தேவையே இல்லாமல் போய், தயாரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அந்தத் தேவையை இல்லாமல் ஆக்கியவளும் செம்மொழிதான்.

எதிர்ப்புச் செல்கள் அவள் தோலை, குடலை, ஈரலைத் தின்றுகொண்டிருந்தன. ஏன்? அவளுடைய செல்கள் அவளையே ஏன் கொல்ல வேண்டும்?

"உனக்கு முன்னால ஏதாவது உடம்புக்கு வந்திருக்கா? சின்ன வயசுல?" செம்மொழி கட்டிலருகே குனிந்து கேட்டாள். ஒரு காலத்தில் நோயாளியிடம் கேட்கிற முதல் கேள்வி இது. இணக்கி வந்தபின் யாரும் கேட்பதில்லை, எது கெட்டாலும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால்.

நறுமுகையின் உதடுகள் வெடித்திருந்தன. "ரத்தம் கம்மி... சின்ன வயசுல இருந்தே. தலசீமியான்னு சொல்வாங்க. மஜ்ஜை மாத்திக்கல, பந்தல்ல போய் ஏத்திக்குவேன். கல்யாணத்துக்கு அப்புறம்..." மூச்சு வாங்கினாள். "கல்யாணத்துக்கு அப்புறம் தேவையே படல. அவர் வந்த நேரம்னு சிரிப்போம்."

செம்மொழி அப்படியே நின்றாள். முப்பது வருஷம் அந்த நோயோடு மல்லுக்கட்டியவள். பிறவியில் வந்த தலசீமியா தானாகப் போகாது. மஜ்ஜை மாறினால்தான் போகும்.

ஓடினாள். வராந்தாவில் எதிர்ப்பட்டவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். "அன்வர், அவளோட நல்ல ரத்தத்தைப் படி. புற்று இல்லை, மிச்சம் இருக்கிற நல்ல ரத்தம்!"

படித்தான். அவன் முகம் மாறுவதைப் பார்த்ததுமே அவளுக்கு விடை தெரிந்துவிட்டது.

"முழுசும் நிரஞ்சன், மேடம். அவளோடது ஒரு சொட்டுகூட இல்லை."

நிலைக்கலப்பில் போன அவனுடைய தாய்ச்செல்கள் அவள் மஜ்ஜையில் குடியேறின. நோஞ்சானாக இருந்த அவளுடைய செல்களை மெல்ல மெல்ல ஓரங்கட்டி, இடம் முழுவதையும் எடுத்துக்கொண்டன. அவளுக்கு உயிர் கொடுத்ததும் அவைதான். இத்தனை வருஷமும் இணக்கி அவற்றை அடக்கி வைத்திருந்தது. இப்போது இணக்கி இல்லை. அவை கண் விழித்துச் சுற்றிப் பார்க்கின்றன. எங்கும் நறுமுகை. அவற்றுக்கு அந்நியம் நறுமுகைதான்.

"நான் புற்றை மட்டும் பார்த்தேன்" என்றாள் செம்மொழி. "புற்று யாரோடதுன்னு பார்த்தேன். அவ யாரோடதுன்னு பார்க்கல." நாக்கு குழறியது. அன்வர் அவளைத் திருத்தவில்லை.

* * *

நிரஞ்சனையும், அன்றுதான் முதல்முறையாக ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த அவன் அம்மா தர்ஷினியையும் உட்காரவைத்துச் சொன்னாள். மகன் நான்கு நாளாகச் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டு வந்தவள். மருமகளை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

"அவளை எரிக்கிறது உங்க செல்கள். அதுங்க அடங்கறது தங்களோட சொந்த இணக்கிக்கு மட்டும்தான். புதுசா வளர்த்தெடுக்க வாரக்கணக்கா ஆகும். அவளுக்கு அவ்வளவு நாள் இல்லை. உங்க உடம்புல இருக்கறதை எடுத்து அவளுக்குக் குடுக்கலாம். ஆனா கொஞ்சம் எடுத்தாப் பத்தாது. கிட்டத்தட்ட எல்லாத்தையும் எடுக்கணும்."

"எடுங்க" என்றான் நிரஞ்சன்.

"முழுசாக் கேளுங்க. எடுத்தா உங்க கைக்குக் காவல் இருக்காது. அது உங்க கை இல்லைன்னு உங்க உடம்புக்குத் தெரிஞ்சிரும்."

தர்ஷினி எழுந்தாள்.

"ஆகாதுங்க டாக்டர். வலது கைங்க அது. பட்டறைல சோறு போடற கை. நீங்க பண்ணின தப்புக்கு என் பையன் கையத் தரணுமா?"

"தப்பு என்னோடதுதான்" என்றாள் செம்மொழி. "வேற வழி இருந்தா இதைக் கேக்கமாட்டேன்."

"அந்தப் புள்ளயக் கட்டாதேன்னு அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அவங்க ரத்தம் வேற, நம்ம ரத்தம் வேறன்னு..."

"அம்மா." நிரஞ்சன் அந்தக் கறுத்த கையை மேசைமேல் வைத்தான். "இது யாரு கைன்னு எப்பவாச்சும் கேட்டிருக்கியா நீ?"

தர்ஷினி அந்தக் கையைப் பார்த்தாள்.

"இந்தக் கையால எத்தனை வருஷம் உனக்குத் தண்ணி மோந்து குடுத்திருக்கேன். வாங்கிக் குடிச்சியே. அவ மோந்து குடுத்தா மட்டும் ஏன் குடிக்கல?" அவன் குரல் உயரவில்லை. செம்மொழியிடம் திரும்பி, "எங்க வந்து படுக்கணும்னு சொல்லுங்க" என்றான்.

பிரிப்பி அவன் ரத்தத்தை ஒரு கையிலிருந்து இழுத்து, இணக்கிகளை மட்டும் வடித்துக்கொண்டு, மிச்சத்தை மறு கைக்குத் திருப்பியது. பல சுற்று. பையில் சேர்ந்தது வெறும் கலங்கல் நீர் போலத்தான் இருந்தது. செம்மொழியே அதை எடுத்துப் போய் நறுமுகைக்கு ஏற்றினாள். கட்டிலின் அந்தப் பக்கம் நறுமுகையின் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகளின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஈரல் இன்னும் மோசமானது. செம்மொழி வீட்டுக்குப் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் புதிய கொப்புளங்கள் வரவில்லை. அதற்கடுத்த நாள் நறுமுகை தண்ணீர் கேட்டாள். குடித்த தண்ணீர் வயிற்றில் தங்கியது. கதவுக்கு வெளியே அன்வர் குலுங்கி அழுததை எல்லோரும் கவனிக்காதது போல இருந்தார்கள்.

அதே வார்டின் மறுகோடியில் நிரஞ்சனின் விரல்நுனிகள் முதலில் வீங்கின. பிறகு சில்லிட்டன. கறுத்த கை இன்னும் கறுத்தது. அவனுக்குப் புது இணக்கி வளர்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கை அதுவரை காத்திருக்கவில்லை. எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் அவன், "எடுத்த கைய என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டான். "மரியாதையா அடக்கம் பண்ணிருங்க. நல்ல கை" என்றான்.

* * *

நறுமுகை நடந்தே வீட்டுக்குப் போனாள். அவளுக்கு நேர்ந்தது மற்றவர்களுக்கு நேராமலிருக்க, விலக்கி போடுவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் ஒரு சோதனை செய்ய வேண்டும் என்று செம்மொழி எழுதிக்கொடுத்தாள். உடம்பும் ரத்தமும் ஒரே ஆளுடையதா? ஒன்று என்றால் விலக்கி போடலாம். இல்லையென்றால் போடக்கூடாது, அவர்கள் வாழ்நாள் முழுக்க யாரிடமும் ரத்தம் வாங்காமல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சோதனை எளிது. அரசு அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. புற்று பரவுவது நின்றது. கரூர் டிரைவர் பிழைத்தார், திண்டுக்கல் டீச்சர் பிழைக்கவில்லை. சோதனை செய்துகொண்டவர்களுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். 'தன்குருதி' அல்லது 'பிறர்குருதி' என்று அதில் இருக்கும். பிறர்குருதி என்றால் யாருடையது என்பதும் தெரிந்தவரை குறிக்கப்பட்டிருக்கும், மருத்துவருக்கு உதவியாக.

கல்யாணத் தரகர்கள் அதைக் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள் என்று அன்வர் ஒருநாள் சொன்னான். செம்மொழிக்கு அதைக் கவனிக்க நேரமில்லை.

மழை விட்டிருந்த ஒரு காலை வேளையில் தர்ஷினி அவளைப் பார்க்க வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. கையில் பழக்கூடை. பின்னால் நடுத்தர வயதுக்காரர் ஒருவரும், கல்லூரி முடித்த வயதில் ஒரு பெண்ணும்.

"நறுமுகை எப்படி இருக்கா?" என்று கேட்டாள் செம்மொழி.

"எங்க வீட்லதானுங்க இருக்கா. நான்தான் போய்க் கூட்டிட்டு வந்தேன்." தர்ஷினி உட்கார்ந்தாள். "அந்தச் சான்றிதழப் பார்த்தப்புறம் என் மனசுல இருந்த பாரமே இறங்கிருச்சுங்க. அவ உடம்புல ஓடறது அத்தனையும் எம்பையன் ரத்தம்னு அரசாங்கமே போட்டுக் குடுத்திருக்கு. சொந்தக்காரங்க எல்லார்த்துக்கும் காட்டினேன். இனி ஒருத்தர் வாயத் தொறக்க முடியாது. அவ இப்ப எங்க ஆளுங்க."

தர்ஷினி பழக்கூடையை மேசைமேல் வைத்தாள்.

"இப்ப வந்தது வேற விஷயமா. என் சின்னப் பையனும் அண்ணன் மாதிரியே ஒரு பொண்ணப் பார்த்துட்டான்." பின்னால் நின்ற பெண்ணைக் காட்டினாள். "நான் ஒண்ணும் பழைய மாதிரி தடுக்கலீங்க. இவங்க அப்பாகிட்டயும் பேசிட்டோம், சம்மதிச்சுட்டாரு. பையன் ரத்தத்த இவளுக்கு முழுசா ஏத்தி, இவளோடது ஒரு சொட்டு மிச்சமில்லாம மாத்திட்டு, சான்றிதழ் குடுத்தீங்கன்னா வர்ற முகூர்த்தத்துலயே முடிச்சிரலாம்."

அந்தப் பெண்ணின் அப்பா தரையைப் பார்த்தபடி தலையசைத்தார். திறந்திருந்த கதவு வழியாக, வராந்தாவில் இன்னும் சிலர் காத்திருப்பது தெரிந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் நடுவே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"அது உயிருக்கே ஆபத்துங்கம்மா" என்றாள் செம்மொழி. "உங்க மருமக எப்படித் துடிச்சான்னு உங்களுக்கே தெரியும்."

"விலக்கி போட்டாத்தானுங்களே ஆபத்து? போடாம வச்சுக்கறோம்."

"சரி" என்றாள் செம்மொழி. தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "அப்ப இப்படிப் பண்ணலாமா? இந்தப் பொண்ணோட ரத்தத்த உங்க பையனுக்கு முழுசா ஏத்திரலாம். ரெண்டும் ஒண்ணுதானே?"

தர்ஷினி நிஜமாகவே திடுக்கிட்டுப் போனாள். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டவளைப் போல மருத்துவரைப் பார்த்தாள்.

"அதெப்படிங்க டாக்டர்? எங்க ரத்தம் கெட்டுப் போயிராதுங்களா?"

செம்மொழி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். நீயாவது ஏதாவது சொல்லேன் என்று பார்த்தாள்.

அந்தப் பெண் முன்னால் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையைத் தானே மடித்துவிட்டுக்கொண்டாள்.